பணி நிரந்தரம் பெற்ற திரு. சர்வோ

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் மூடிக் கம்பெனிக்கு ஒரு திங்கக்கிழமை காலையில், ராகு காலம் தள்ளி, நல்ல நேரம் பார்த்து, ஒரு சர்வோ டிரைவ் வந்து சேர்ந்தது. பார்க்கப்போனால் ஒரு தடிப் புத்தகம் அளவுக்குச் சாம்பல் கலர் பெட்டி, அவ்வளவுதான். மெயின்டனன்ஸ் மதன் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்துப் போட்டு, மிஷினின் மின்சாரப் பேனலுக்குள் திருகி மாட்டினார்.

அது செய்யவேண்டிய வேலை ஒன்றும் பெரிசில்லை. டின் மூடி அடிக்கிற பிரஸ்ஸில் ஒவ்வொரு அடிக்கும் தகடு நாலு விரல் அகலம் நகரணும். டிரைவ் மோட்டாரைச் சுழற்றி அதை நகர்த்தும். எப்போது நகர்த்தணும் என்று அதற்கு உத்தரவு போட, பி.எல்.சி. என்கிற இன்னொரு பெட்டி அதே பேனலில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு ஈதர்நெட் கேபிளைக் குத்தி, ஒரு நம்பரைப் பதிந்தால் முடிந்தது வேலை.

அதுவரைக்கும் தகட்டை நகர்த்துகிற பொறுப்பு சோனியாவுடையது. பிரஸ் பக்கத்தில் ஒரு கைச்சக்கரம். அடி விழுந்ததும் கால் சுற்று, அடி விழுந்ததும் கால் சுற்று. நாலு வருஷமாக அவள் சுற்றிக்கொண்டிருந்தாள், கான்ட்ராக்ட்டில். 240 நாள் தொடர்ந்து வேலை பார்த்தால் பர்மனென்ட் கேட்கலாம் என்பது ஊரறிந்த கணக்கு. அதனால் 230ஆம் நாள் பக்கத்தில் கம்பெனி எல்லாரையும் அன்போடு வீட்டுக்கு அனுப்பி, பத்து நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளும். சோனியா அந்தக் கம்பெனியில் ஐந்து தடவை புது ஆளாகச் சேர்ந்தவள். டிரைவ் வந்த அன்றைக்கும் அவள் புது ஆள்தான்.

அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில், சுவரில் யானையும் பலூனும் வரைந்து, கம்பெனி ஒரு குழந்தைகள் காப்பகம் வைத்திருந்தது. பர்மனென்ட் ஆட்களின் குழந்தைகளுக்கு மட்டும். பர்மனென்ட் ஆட்கள் எல்லாருக்கும் ஐம்பது வயசு தாண்டியிருந்ததால் அங்கே குழந்தைகள் இல்லை, யானை மட்டும் இருந்தது. சோனியாவின் மகள் ஜெனிக்கு ரெண்டு வயசு. தினமும் ஒரு வீட்டில் விட்டுவிட்டு வரணும். விடுகிற வீட்டுக்காரர்களின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது.

மதன் கேபிளை எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தகவல் பாதுகாப்பு அதிகாரி லோகநாதன் வந்தார்.

“இன்னா பண்ற?”

“கேபிள் குத்தறேன் சார்.”

“ஈதர்நெட்டா? அப்ப அது நெட்வொர்க். நெட்வொர்க்ல வர்றது யாரா இருந்தாலும் யூசர். யூசருக்கு எம்ப்ளாயி நம்பர் இருக்கணும்.”

“சார், இது மோட்டாரு ஓட்டற பெட்டி.”

“நாளைக்கு ஒரு ஹேக்கர் உள்ள பூந்தா நீ பதில் சொல்வியா?”

“இதுக்குள்ள பூந்து இன்னா சார் பண்ணப்போறான்? மூடி அடிப்பானா?”

லோகநாதன் வாசலில் கட்டியிருந்த பேனரைக் கையால் காட்டினார். ‘நாங்கள் இப்போது ஸ்மார்ட் ஃபேக்டரி’ என்று அதில் எழுதியிருந்தது. அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது.

ஆகவே டிரைவுக்கு எம்ப்ளாயி நம்பர் வாங்க மதன் எச்.ஆர். ஷைனி மேடத்திடம் போனார். மிஷின் ஆபரேட்டரும் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும் என்றதால் சோனியாவும் போனாள். உள்ளே நுழையக் கூச்சப்பட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

“பேரு?” என்றார் ஷைனி மேடம்.

“சர்வோ.”

“சொந்த ஊரு?”

மதன் போனில் எடுத்து வைத்திருந்த போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். “ஜெர்மனின்னு போட்டுக்குது மேடம்.”

“பிறந்த தேதி?”

“போன அக்டோபரு.”

ஷைனி மேடம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். “எட்டு மாசக் குழந்தை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் இருக்கு. நம்மால சேர்க்க முடியாது.”

“மேடம், இந்த மாடலு வந்து இருவது வருசம் ஆவுது.”

“அதை மொதல்ல சொல்லக் கூடாதா? மேஜர்தான்.”

ரத்த வகை என்ற இடத்தில் த்ரீ ஃபேஸ் என்று போட்டார்கள். குடும்ப உறுப்பினர் என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. ஒரு பேராவது போட்டால்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகும்.

“யாரு பேராச்சும் குடுங்க, எனக்கு மீட்டிங் இருக்கு.”

மதன் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, உம் பொண்ணு பேரைச் சொல்லேன். சும்மா எழுதத்தானே.”

“ஜெனி,” என்றாள் சோனியா. அவளுக்கே கேட்காத குரல். ஷைனி மேடம் ரெண்டாவது தடவை கேட்டு எழுதிக்கொண்டார்: திரு. சர்வோ, வாரிசு ஜெனி, வயது இரண்டு.

அடுத்தது கைரேகை. சர்வோவுக்கு விரல் இல்லை. விரல் இல்லாதவர் சார்பில் அருகில் இருப்பவர் ரேகை வைக்கலாம் என்று விதியில் இருந்தது. சோனியாவின் வலது கட்டைவிரல் ஏற்கெனவே சோனியாவாக இருந்தது. அதனால் இடது கட்டைவிரல் சர்வோவானது.

“இப்ப கேபிள் குத்தலாமா சார்?” என்று லோகநாதனிடம் கேட்டார் மதன்.

“டிரெய்னிங் முடியணும்.”

மதன் ஒரு கம்ப்யூட்டரைப் பேனலுக்கு எதிரில் வைத்து, இணையத் திருடர்கள் பற்றிய படத்தை டிரைவுக்குப் போட்டுக் காட்டினார். அதன் பிறகு பரீட்சை. கம்பெனியில் எல்லாருக்கும் பரிசுக் கூப்பன் என்று ஒரு பொய் மெயில் அனுப்பினார்கள். திறந்து பார்த்தவர்கள் ஃபெயில். லோகநாதன் உட்பட ஆபீஸே ஃபெயில். கேபிளே இல்லாததால் சர்வோ மட்டும் திறக்கவில்லை. நூற்றுக்கு நூறு.

“இப்ப?”

“பாஸாயிட்டான், சந்தோசம். ஆனா நெட்வொர்க் அனுமதி பர்மனென்ட் ஸ்டாஃபுக்கு மட்டும்தான். புது ஆளு 240 நாள் முடிக்கட்டும்.”

“அதுவரைக்கும் தகட்டை யாரு தள்ளறது?”

“இதுவரைக்கும் யாரு தள்ளுனாங்க?”

மதன் கேபிளைச் சுருட்டி அலமாரியில் வைத்தார்.

அன்று முதல் சோனியா காலையில் வந்ததும் வலது கட்டைவிரலை வைத்துத் தனக்கு அட்டெண்டன்ஸ் போட்டாள். இடது கட்டைவிரலை வைத்துச் சர்வோவுக்குப் போட்டாள். நாளெல்லாம் சக்கரம் சுற்றினாள். சர்வோ பேனலுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்து டேபிளில் மூடி அடுக்குகிற கங்கம்மா, சோனியாவின் பக்கத்து வீட்டுக்காரி, இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தாள்.

“இன்னாடி இது, சுத்தறது நீ, ஆளுன்னு பேரு அதுக்கு.”

“அது பேஜாரு பண்ணாம சும்மா கெடக்குதுக்கா. நமக்கு இன்னா.”

“எங்க ஊட்டுக்காரு கூடத்தான் சும்மா கெடக்குறாரு. அவருக்கு யாரு நம்பர் குடுத்தா?”

230 நாள் முடிந்தது. மறுநாள் கேட்டில் சோனியா வலது கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. செக்யூரிட்டி சாலமோன் தலையைச் சொறிந்தார்.

“உனுக்கு பிரேக் விட்டாச்சும்மா. பத்து நாள் கழிச்சு வா.”

சோனியா திரும்பி நாலு அடி நடந்தாள். பிறகு நின்றாள். வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பி வந்து, இடது கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பச்சை எரிந்தது.

சாலமோன் திரையைப் படித்தார். “திரு. சர்வோ. உள்ள போங்க சார்.”

லைனில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சக்கரம் சுற்றிற்று, மூடி விழுந்தது. பத்து நாளும் சோனியா சர்வோவாகவே வந்து போனாள். அந்த வருஷம் கம்பெனியில் ஒரு நாள் லீவு இல்லாமல், ஒரு மெமோ இல்லாமல், டீக்குக்கூட வெளியே போகாமல் 240 நாளை நிறைவு செய்த ஒரே ஊழியர் என்று சர்வோவின் பெயர் போர்டில் ஏறியது. ஜெனரல் மேனேஜர் பரசுராமன் மைக் பிடித்தார்.

“உழைப்பு இன்னா உயரத்துக்குக் கொண்டுபோவும்னு இளைஞர்கள் இவர்கிட்ட கத்துக்கணும்.”

எல்லாரும் கை தட்டினார்கள். சோனியாவும் தட்டினாள், ரெண்டு கையும் வலிக்க வலிக்க.

பணி நிரந்தர உத்தரவு வந்த அன்றே மதன் கேபிளைக் குத்தினார். நம்பரைப் பதிந்தார். டிரைவில் பச்சை விளக்கு மின்னியது. தகடு நாலு விரல் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. மொத்தம் பத்து நிமிஷம்.

அதோடு சோனியாவின் கதை முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள். சோற்று டப்பாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். லோகநாதன் தடுத்தார்.

“எங்க போற? காலைல அட்டெண்டன்ஸ் விழுந்தாத்தான் அவனுக்கு லாகின் திறக்கும். இல்லாட்டி சிஸ்டமே கேபிளை அடைச்சிரும். பாதுகாப்பு.”

இப்படியாக வேலையைச் சர்வோ செய்ய, அட்டெண்டன்ஸைச் சோனியா கொடுக்க, ரெண்டு பேரும் ஒழுங்காக வந்து போனார்கள். காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. ‘எமது நிரந்தரப் பணியாளர் திரு. சர்வோ அவர்களின் வாரிசு செல்வி ஜெனி அவர்களைச் சேர்த்துக்கொள்ள இதன்மூலம் இசைவு அளிக்கப்படுகிறது.’ காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிற எட்வர்ட், சோனியாவின் புருஷன், அதை ரெண்டு தடவை படித்தான்.

“வாரிசா? அப்ப நான் யாரு?”

“நீ கான்ட்ராக்ட்டு,” என்றாள் சோனியா. கல்யாணமான மூன்று வருஷத்தில் அவள் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அதுதான்.

ஜெனி யானையைக் கட்டிப் பிடிக்கப் பார்த்து, சுவரில் முட்டி, அழுது, பிறகு பழகிவிட்டாள். ஒரு மாசம் நிம்மதியாகப் போனது. அப்புறம் ஊரெல்லாம் காய்ச்சல் வந்தது.

ஜெனிக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. சோனியா ஷைனி மேடத்துக்கு போன் போட்டாள். “மேடம், புள்ளைக்கு ஜுரம். இன்னிக்கு வர முடியாது.”

“யாரோட பிள்ளைக்கு?”

“சர்வோ புள்ளைக்கு மேடம்.”

“ஓ, பர்மனென்ட்டா. அப்ப லீவு உண்டு. பாத்துக்கோம்மா.”

பிரஸ் திரையில் எழுத்து ஓடியது: ‘திரு. சர்வோ விடுப்பில் உள்ளார். காரணம்: குழந்தைக்குக் காய்ச்சல்.’ லைன் அசையவில்லை. துறைமுகத்தில் கன்டெய்னர் காத்துக்கொண்டிருந்தது. பரசுராமன் ஓடி வந்தார்.

“மதன், ஏதாச்சும் பண்ணு.”

“அந்த லாகினைக் கழட்டிட்டா அஞ்சு நிமிசத்துல ஓடும் சார்.”

“பாதுகாப்பு மீறல்,” என்றார் லோகநாதன்.

“பழைய சக்கரம்?” என்றார் பரசுராமன்.

“சர்வோ வேலையை வேற ஆளு செஞ்சா ஆள்மாறாட்டம் சார்,” என்றார் ஷைனி மேடம். “அதோட, லீவுல இருக்கிற ஊழியரைத் தொந்தரவு பண்ணக் கூடாது.”

“நான் தொந்தரவு பண்ணல. நலம் விசாரிக்கப் போறேன்.”

லைன் ஓடாததால் கான்ட்ராக்ட் ஆட்கள் நாற்பது பேரையும் அட்டெண்டன்ஸ் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பரசுராமன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆப்பிளும் வாங்கிக்கொண்டு கம்பெனி காரில் கிளம்பினார். சோனியாவின் தெருவுக்குக் கம்பெனி கார் வருவது அதுதான் முதல் தடவை. சோனியா பதறிப்போய் இருந்த ஒரே நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டாள்.

“எப்படி இருக்கு சர்வோவோட குழந்தை?”

“ஊசி போட்டுக்குது சார். இப்ப பரவால்ல.”

“நல்லா பாத்துக்கோம்மா. நம்ம கம்பெனி ஒரு குடும்பம் மாதிரி.” பாட்டிலை நீட்டியபடியே பக்கத்து வாசலைப் பார்த்தார். கங்கம்மா தன் மகனை மடியில் போட்டு, நெற்றியில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தாள். லீவு போட்டால் வேலை போகும் என்று, கொதிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுக் காலையில் கம்பெனிக்கு வந்து, திருப்பி அனுப்பப்பட்டவள்.

“அந்தப் பையனுக்கும் ஜுரமா? இவங்க யாரு?”

“நம்ம கம்பெனிதான் சார். அதே லைன்தான்,” என்றாள் சோனியா.

“அப்படியா?” பரசுராமன் முகம் மலர்ந்தது. கையில் இருந்த ஆப்பிளோடு ரெண்டு அடி நகர்ந்தார். “நீங்க எந்த மிஷினும்மா?”

கங்கம்மா துணியைப் பிழிந்தாள். “மிஷின் இல்ல சார். ஆளு.”

பரசுராமனின் கை அப்படியே நின்றது. ஆப்பிளைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

“பரவாயில்லம்மா,” என்றார், இழவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில்.