ஒன்பதாவதாக நம்ம பையன்

மேனேஜர் என்றதும் உங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தால் மன்னிக்கவும். நான் சொல்ல வந்தது அந்த இனம் அல்ல. இது சனிக்கிழமை காலைகளில் பூங்காக்களில் மட்டும் தென்படும் இனம். தலையில் தொப்பி, வாயில் சூரியகாந்தி விதை, கையில் பன்னிரண்டு பிள்ளைகளின் தலையெழுத்து. பிள்ளைகள் ஆடும் பேஸ்பால் அணியின் மேனேஜர் என்று பெயர். கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கும் சான் ரமோனில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்.

இவருடைய வேலை என்ன? பந்து எறிவதா, அடிப்பதா, ஓடுவதா? அதெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். இவர் வரிசை போடுகிறவர். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர்தான் ஆட்டத்தைத் தொடங்க முடியும். அந்த ஒன்பதில் யார் முதலில் மட்டை பிடிப்பது, யார் நாலாவது, யார் பந்து எறிவது, யாரைப் பந்தே வராத வலதுகோடியில் நிறுத்திப் பட்டாம்பூச்சி எண்ண விடுவது, யாரை பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் போடுவது, இத்தனையும் லைனப் என்கிற ஓர் அட்டையில் அடங்கிவிடும். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு இன்னிங்ஸாவது களத்தில் நிற்க வேண்டும், ஒரு தடவையாவது மட்டை பிடிக்க வேண்டும் என்று எங்கள் லீகில் விதி உண்டு. அதற்கு மேல் எல்லாம் மேனேஜர் மனசு.

அமெரிக்க மேனேஜரின் மனசில் ஒளிவுமறைவு கிடையாது. எதிரணி மேனேஜர் கோச் டேவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மகன்தான் பந்து எறிவான். அவர் மகன்தான் நாலாவதாக மட்டை பிடிப்பான். பேஸ்பாலில் நாலாவது இடம் என்பது அணியிலேயே ஓங்கி அடிக்கிறவனுக்கு உரியது. எறிந்து எறிந்து கை வலித்தால் இன்னொரு நல்ல இடத்தில் நின்று இளைப்பாறுவான். ஏன் இப்படி என்று ஒரு முறை கேட்டேன். "ஹி இஸ் மை கிட். நான் வேறு எதற்கு இங்கே நிற்கிறேன்?" என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டார்.

நம்முடைய இனம் வேறு. நம்மவர் நடுநிலை மேனேஜர்.

நெடுஞ்செழியனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் உங்கள் ஊரில் அவருக்கு வேறு பெயர் இருக்கும். வெள்ளைக்காரர்களுக்கு அவர் கோச் நெட். மேனேஜர் கிடைக்காவிட்டால் அணி கலைக்கப்படும் என்று லீகிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது, பதினோரு வீட்டுப் பெற்றோர் தத்தம் போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, "யாராவது ஒருத்தர் செஞ்சுதானே ஆகணும்" என்று எழுந்தவர் அவர். பேஸ்பால் ஆடியதில்லை. ஆனால் வீடியோ பார்த்து இரண்டே வாரத்தில் எல்லாம் கற்றுக்கொண்டார், விதைத் தோலைத் துப்புவது உட்பட. ஸ்கோர் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் நானும் அது தகுதிக்கேற்ற பதவிதான் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் லைனப் போட உட்காருவார். ஆறு வருடம் தமிழ்ச் சங்கத்துக்குப் பொங்கல் விழா அழைப்பிதழ் தயாரித்த கை அது. அழைப்பிதழில் பெயர் எந்த வரிசையில் வரும்? தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, கடைசியில் பொடி எழுத்தில் நன்றியுரை. லைனப்பும் அப்படித்தான் வந்தது. அங்கே பிள்ளைகளின் பெயர் இருந்தாலும், இடம் பெற்றோருடையது. போன கோடையில் முகாம் நடத்த இடம் பிடித்துக் கொடுத்தவர் வீட்டுப் பையன் முன்னிலை. அணிக்குச் சட்டை வாங்கித் தந்தவர் வீட்டுப் பையன் வாழ்த்துரை. ஓடத் தெரியுமா, அடிக்கத் தெரியுமா என்பதெல்லாம் பொங்கல் விழாவில் யாரும் கேட்பதில்லையே.

சிக்கல் நாலாவது இடத்தில்தான் வந்தது. டாக்டர் வரதராஜாவின் மகன் கஜீவனை அதில் போட்டிருந்தார். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் எல்லோருடைய அம்மாக்களின் மூட்டுவலிக்கும் போனிலேயே மருந்து சொல்பவர். அன்றும் போனில் வந்தார். ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"தம்பி, எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கஜீவன் நாலாவதா நிண்டாலென்ன, நாப்பதாவதா நிண்டாலென்ன. அவன்ர அம்மாதான் கேக்கச் சொன்னவ."

"ஐயோ டாக்டர், நாலாவதுதான் டாக்டர் பெஸ்ட் ஸ்பாட். பெரிய பெரிய பிளேயர்ஸ் எல்லாம் அதுலதான் ஆடுவாங்க."

"அப்பிடியே? அவ்வளவு திறமான இடமெண்டா உங்கட பெடியனையே அதில விடுங்கோவன்."

கோச் நெட் பதறிப்போனார். "சேச்சே, அது எப்படி டாக்டர்" என்றார். கஜீவன் தலைமைக்கு, முதலாவது இடத்துக்குப் போனான். நாலாவது இடம் அதன்பின் எந்தப் பெற்றோரிடமிருந்து போன் வராதோ அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது.

சரி, அவருடைய பெடியன் எங்கே? ஒன்பதாவதாக. நன்றியுரையில்.

மகிழனுக்குப் பதினோரு வயது. அவன் அடித்தால் பந்து வேலியைத் தாண்டிப் பக்கத்து டென்னிஸ் கோர்ட்டில் விழும். அங்கே ஆடும் ஆன்ட்டிகள் அவன் மட்டையோடு நடந்து வருவதைப் பார்த்தால் ஓரமாக ஒதுங்கித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவ்வளவு கெட்டிக்காரனுக்கு வலதுகோடி, இரண்டு இன்னிங்ஸ், ஒரு தடவை மட்டை. குறைந்தபட்சம் என்று விதி சொன்னதைத் தன் பையனுக்கு மட்டும் அதிகபட்சம் என்று வாசித்த ஒரே மேனேஜர் எங்களுடையவர்தான். இத்தனைக்கும் அந்தப் பையனுக்கு இருந்தது ஒரே ஆசை. சீசன் முடிந்ததும் எல்லா அணிகளிலிருந்தும் சிறந்தவர்களைப் பொறுக்கி, கோடையில் வெளியூர்களுக்கு அனுப்புவார்கள். ஆல்-ஸ்டார் அணி. அதில் சேர வேண்டும். அதற்காக கராஜில் வலை கட்டி வருடம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தான். ஆனால் களத்தில் மட்டை பிடிக்காதவனை யார் பார்ப்பார்கள்?

வெள்ளிக்கிழமைச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில் என்பதால் இதைக் காதால் கேட்டுச் சொல்கிறேன்.

"ஏங்க, இந்த வாரமும் ஒன்பதாவதா?" என்றார் அவர் மனைவி கலைமகள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

"நம்ம பையன்தானே. அட்ஜஸ்ட் பண்ணிப்பான். அவனை முன்னாடி போட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"டேவை யாரும் ஒண்ணும் பேசலையே."

"பேசறோமே. அவருக்குத் தமிழ் புரியல, அவ்ளோதான்."

மகிழன் தட்டிலிருந்து தலை தூக்கினான். "டாட், ஆம் ஐ நாட் குட்?"

"யூ ஆர் வெரி குட், கண்ணா," என்றார் கோச் நெட், மிகுந்த அன்போடு. "தட் இஸ் வொய்."

அரையிறுதி வந்தது. எதிரே டேவின் அணி. அன்று கோச் நெட்டுக்கு ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது: அப்துல் ரஹீமின் மகள் ரிதாவுக்கு விதிப்படி ஒரு தடவை மட்டை கொடுக்க வேண்டும். அதற்கு ஒருவனை வெளியே எடுத்தாக வேண்டும். யாரை? ஒவ்வொரு இன்னிங்ஸிலும் அட்டையைப் பார்ப்பார், பேனாவைத் திறப்பார், பிறகு தலை தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் பார்ப்பார். அங்கே மடக்கு நாற்காலிகளில் தலைமை உட்கார்ந்திருக்கும், முன்னிலை உட்கார்ந்திருக்கும், வாழ்த்துரை குடை பிடித்து உட்கார்ந்திருக்கும். பேனாவை மூடிவிடுவார். இந்தத் தடுமாற்றத்தில் மகிழனை வழக்கம்போல் வெளியே எடுக்கவும் மறந்து, கடைசி இன்னிங்ஸ் வந்துவிட்டது. நாங்கள் ஒரு ரன் பின்னால். ரன் எடுக்க ஓடக் காத்து மூன்று பேஸிலும் எங்கள் ஆள் நிற்கிறது. இன்னும் ஒரே ஒரு அவுட்டில் ஆட்டம் முடிந்துவிடும்; ஒரு நல்ல அடி விழுந்தால் ஜெயித்துவிடலாம். மட்டை பிடிக்க வேண்டியது ஒன்பதாவது ஆள்.

டென்னிஸ் கோர்ட்டில் ஆன்ட்டிகள் ஒதுங்கிவிட்டார்கள்.

மகிழன் நாலடி நடந்திருப்பான். கோச் நெட் கையை உயர்த்தி அம்பயரிடம் நேரம் கேட்டார். வெளியே எடுத்தால் போன் செய்யாத ஒரே வீடு எது என்று அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது. அது அவர் வீடு.

"ரிதா, நீ போம்மா."

"கோச், நோ. மகிழ் கேன் ஹிட் திஸ் கை."

"உங்க மாமு ஊர்லேருந்து வந்திருக்காருல்ல. வீடியோ எடுக்கறாரு பாரு. போ, போ."

"கோச், வீ வில் லூஸ்."

தோற்றோம். மூன்று பந்து தவறினால் அவுட்; மூன்றுக்கும் ரிதா மட்டையை அசைக்கவில்லை. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி பெஞ்சில் எறிந்தாள். மகிழன் அதை எடுத்துப் பையில் வைத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்துல் ரஹீம் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "நெடு, சொந்தப் புள்ளையை உக்கார வெச்சிட்டு எம்புள்ளைக்குக் குடுத்தீங்களே, யாருக்கு வரும் இந்த மனசு." தலைமையும் முன்னிலையும் ஒவ்வொருவராக வந்து கை குலுக்கினார்கள். கோச் நெட் கண்கலங்கி நின்றார். கோப்பை வாங்கியவர்கள் முகத்தில்கூட அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை.

இதற்கு அடுத்த வாரம் ஆல்-ஸ்டார் தேர்வு. மேனேஜர்கள் ஒரு பீட்சா கடையில் கூடிக் கையைத் தூக்கி ஓட்டுப் போடுவார்கள். ஸ்கோர் கேட்டால் சொல்வதற்காக நானும் போயிருந்தேன். டேவ் முதலில் தன் மகன் பெயரைச் சொன்னார்; ஒரு கையில் பீட்சாவைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தானே முதலில் தூக்கினார். கடைசியாக ஒரே இடம் மிச்சம் இருந்தது. "நெட்ஸ் கிட்," என்றார் டேவ். "பெஸ்ட் பேட் இன் திஸ் டவுன். அவனை ஏன் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை."

கைகள் உயர்ந்தன. தேவையானதற்கு ஒரு கை குறைந்தது. எல்லோரும் கோச் நெட்டைப் பார்த்தார்கள்.

"அஸ் ஹிஸ் ஃபாதர்," என்று தொண்டையைச் செருமினார், "ஐ ஷுட் நாட் வோட்."

"நெட், யூ ஆர் அலவ்ட்."

"ஐ நோ," என்றார் கோச் நெட். அந்த இரண்டு சொல்லில் எவ்வளவு பெருமை தெரியுமா?

அந்த இடம் கஜீவனுக்குப் போனது. அதற்கு அவர் கை தூக்கினார். டாக்டர் அன்றே போன் செய்தார். நன்றி சொல்லத் தொடங்கி, பாதியில் நின்று, "தம்பி, உங்கட பெடியன் எல்லோ போயிருக்க வேணும்" என்றார். கோச் நெட் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருடப் பதிவு வந்தபோது, எந்த மேனேஜரிடம் ஆட விருப்பம் என்று லீகில் கேட்டிருந்தார்கள். மகிழன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "கோச் டேவ்."

"ஏன்டா, அங்க எல்லாமே அவர் பையனுக்குத்தானே?" என்றார் கோச் நெட்.

"யா. ஆஃப்டர் ஹிம், இட்ஸ் ஜஸ்ட் பேஸ்பால்."

கலைமகள் கணவரைப் பார்க்காமலேயே அதைப் பதிவு செய்தார். கோச் நெட் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "அதுவும் நல்லதுதான். நம்ம டீம்ல ஒரு இடம் காலியாகும். யாருக்காவது குடுக்கலாம்."

ஏப்ரலில் இரண்டு அணிகளும் மோதின. டேவ் தன் மகனை வழக்கம்போல் நாலாவதாகப் போட்டிருந்தார். அவனுக்கு முன்னால், மூன்றாவதாக, மகிழன். எங்கள் அணிப் பையன் எறிந்த இரண்டாவது பந்தை அவன் அடித்த அடியில் எங்கள் அணியில் ஒருவரும் ஓடவில்லை. நின்று வேடிக்கை பார்த்தார்கள். கோச் நெட்டின் இரண்டு கைகளும் கைதட்ட மேலே வந்தன. வந்த கைகளைப் பக்கத்தில் யாராவது பார்த்தார்களா என்று பார்த்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அன்று மகிழன் நாலு தடவை மட்டை பிடித்தான். அப்பாவிடம் இருந்தபோது ஒரு மாதத்துக்கு அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் வரிசையாக எதிரெதிரே நடந்து உள்ளங்கையைத் தட்டிக்கொள்வது வழக்கம். பிள்ளைகள் யார் முகத்தையும் பார்க்காமல் "குட் கேம், குட் கேம்" என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்வார்கள். எங்கள் வரிசையின் கடைசியில் மேனேஜர் நின்றார். மகிழன் வந்தான். நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான்கூட, அவன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"குட் கேம், கோச்," என்றான்.

"குட் கேம்," என்றார் அவரும். வேறு என்ன சொல்லலாம் என்று அவர் தேடி முடிப்பதற்குள் அடுத்த பையன் கையை நீட்டிவிட்டான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் அந்த ஆள் இல்லை. உங்களுக்கு பேஸ்பாலே தெரியாது. ஆனாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் கோழிக்குழம்பு வைத்தால், எல்லோருக்கும் பரிமாறி முடித்த பிறகு அந்தக் கழுத்துத் துண்டு உங்கள் வீட்டில் யார் தட்டில் விழுகிறது என்று மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். வாய்விட்டுக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், எனக்கு அதுதான் பிடிக்கும் என்பார்கள்.