காலுக்கு இறங்காத சம்பளம்

"இவ்வளவு குடுக்கறாங்களே, இதுக்கு மேல நான் எப்படி வாயைத் திறக்கிறது?"

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று, சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவன் கேட்டது அவளுக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

"வாயைத் திறக்கிறதுக்கும் சம்பளத்துக்கும் என்னங்க சம்பந்தம்? அவங்ககிட்ட என்ன கேக்கணும்?"

"சின்ன விஷயம்தான்."

"சின்ன விஷயம்னா நாளைக்கே கேட்டுடுங்க."

"நாளைக்கா? அட்வான்ஸ் வாங்கற அன்னைக்கே போய் நின்னா என்ன நினைப்பாங்க?"

அவனை ஊரே புயல் என்று கூப்பிடும். பழைய கால்பந்து கிளப்பில் மைதானத்தின் இடது கோட்டை ஒட்டி அவன் ஓடினால், எதிரணிக்காரர்கள் பந்தை விட்டுவிட்டு அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் புது கிளப் வாரிக் கொடுத்து வாங்கியது. கையெழுத்தான அன்றே அவனை மைதானத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது.

காரணம், கிளப் முதலாளி. அவர் சோபா வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். கோச் ஒருமுறை, "சார், இந்தப் பையன் ஓரத்துல ஆடற ஆளு" என்று சொல்லிப் பார்த்தார்.

"யோவ், கடையிலேயே விலை கூடின சோபாவை எவனாவது மூலையில போடுவானா? நடு ஹால்லதான் போடுவான்" என்றார் முதலாளி.

நடு ஹாலில் புயல் அடிக்கவில்லை. முதலாளி சம்பளத்தைக் கூட்டினார். கோல் வரவில்லை. இன்னும் கூட்டினார். இன்னும் வரவில்லை. குழாயைத் திருகத் திருகத் தண்ணீர் வரவில்லையென்றால் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குழாயில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, அதைப் பார்க்க ஒருவரைக் கூட்டிவந்தார்கள்.

அவர்தான் பாதஞானி.

வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, வெறுங்கால். காரிலிருந்து இறங்கிச் சிவப்புக் கம்பளத்தில் மட்டும் வெறுங்காலோடு நடப்பார். கம்பளம் முடிகிற இடத்தில் உதவியாளர் செருப்போடு தயாராக நிற்பார். கையில் நூலில் தொங்கும் ஒரு பித்தளைக் குண்டு. கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு மாதிரியே இருக்கும். மாதிரி என்ன, அதுவேதான்.

அவருடைய ஞானம் மிக எளிமையானது. "சம்பளம் பேங்குக்குப் போகுதுன்னு நினைக்கிறீங்க. தப்பு. அது உடம்புக்குள்ள போகுது. தலையில தங்கினா தலைக்கனம். வயித்துல தங்கினா சோம்பேறித்தனம். காலுக்கு இறங்கினா கோல்!"

குண்டை ஆட்டக்காரரின் காலுக்கு மேலே பிடிப்பார். வட்டமாகச் சுற்றினால் சம்பளம் இறங்கிவிட்டது. முன்னும் பின்னும் ஆடினால் மேலேயே நிற்கிறது. நிற்பதை இறக்கித் தருவார். இறக்குகூலி தனி.

முதல் இறக்கலுக்குப் பிறகு நடந்த ஆட்டத்தில் கிளப் ஜெயித்தே விட்டது. நல்ல மழை, எதிரணியின் கோல்கீப்பர் வழுக்கி விழுந்தார், அவர்கள் ஆளே பந்தைத் தங்கள் வலைக்குள் தட்டிவிட்டார். பாதஞானியின் சக்தி எதிரணிக்காரர் காலுக்கே இறங்கிவிட்டது என்று பத்திரிகைகள் பாராட்டின. அடுத்து வரிசையாகத் தோற்றபோது, "முழங்கால் வரைக்கும் வந்திருக்கு, அவசரப்படாதீங்க" என்றார் ஞானி. ஊர் அவசரப்படவில்லை. ஊருக்கு அவ்வளவு பொறுமை.

மைதான வாசலில் கூட்டம் தெருமுனை வரை நின்றது. வங்கி மேலாளர் ஒருவர் தன் காசாளர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். தலைமையாசிரியர் ஒருவர் ஆசிரியர்களின் கைகளைப் பார்க்கச் சொன்னார். ஒரு பெரியவர் மருமகனை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"மாப்பிள்ளைக்குச் சம்பளம் எங்க நிக்குதுன்னு பாருங்க சாமி."

"என்ன வேலை பார்க்கிறார்?"

"வேலையே இல்லையே! அதான் எங்க நிக்குதுன்னு கேக்கறேன்."

குண்டு ஆடியது. வயிற்றில் நிற்பதாகத் தெரிந்தது. பெரியவர் கண்கலங்கி, இறக்குகூலியைக் கட்டிவிட்டுப் போனார்.

புயலின் முறை வந்தபோது அவனுடைய மனைவியையும் முதலாளியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவள் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில், கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடிக்கு அளவு சொல்லும் வேலை பார்க்கிறவள். கணவன் அவளைச் செல்லமாக டாக்டரம்மா என்பான். அவன் இவ்வளவு சம்பாதிக்கும்போது அவள் ஏன் வேலைக்குப் போகிறாள் என்று அக்கம்பக்கம் கேட்கும். "அவர் உதைக்கிறதை ஊரே பார்க்குது, அந்த ஊர்க் கண்ணுக்கு யாராவது அளவு சொல்லணுமே" என்பாள்.

குண்டு புயலின் கால் மேல் நேர்க்கோட்டில் ஆடியது.

"தலையில நிக்குது," என்றார் பாதஞானி. பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "ஏன் நிக்குது? சம்பளம் இறங்கற நேரம் ராத்திரி. அந்த நேரத்துல பக்கத்துல வீட்டுக்காரம்மா இருந்தா இறங்காது. பயந்துக்கும்."

"சம்பளமா?" என்றாள் அவள்.

"சம்பளந்தான்."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. சீசன் முடியற வரைக்கும் தம்பி நம்ம விடுதியில தங்கட்டும். நீங்க வந்து பார்க்கவும் வேணாம். என்ன தம்பி?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தன் பூட்ஸ் கயிற்றைப் பார்த்தான்.

"சரி சார்," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். சட்டைகளை மடிக்கத் தெரியாமல் சுருட்டிச் சுருட்டி வைத்தான். அவள் கதவில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"சரி சார்னு சொல்லிட்டீங்க."

"வேற என்ன சொல்லச் சொல்ற? இவ்வளவு குடுக்கறாங்களே."

"அவர் குண்டை உங்க கால்கிட்ட பிடிச்சதே தப்பு. நாக்குகிட்ட பிடிச்சிருக்கணும். மொத்தச் சம்பளமும் அங்கதான் ஏறி உட்கார்ந்திருக்கு."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நான் மனசு வச்சு ஆடலைன்னு நீயும் நினைக்கிறியா?"

"ஆட்டம் முடிஞ்சு வந்தா மாடிப்படியில உட்கார்ந்து உட்கார்ந்து ஏர்றீங்க. இதுக்கு மேல மனசை எங்க வைக்கிறது? நாளைக்கே சம்பளத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா மூணாவது கால் முளைக்குமா?" அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தச் சின்ன விஷயத்தை இப்பவாவது போய்க் கேளுங்களேன்."

எந்தச் சின்ன விஷயம் என்று அவளுக்குத் தெரியும். பழைய ஆட்டங்களின் வீடியோவை அவன் ஒளித்து ஒளித்துப் பார்ப்பதும், இடது கோட்டில் ஓடுகிற இடம் வந்தால் நிறுத்திவைத்துப் பார்ப்பதும் அவளுக்குத் தெரியாதா? ஆனால் அது அவன் வாயால் வரவேண்டும்.

"கேக்கறேன். இப்ப வேணாம்," என்றான். பெட்டியைப் பூட்டினான்.

மறுநாள் கடையில் ஒரு பெண்மணிக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கண்ணாடியில எழுத்து தெளிவா இருக்கா, அடுத்ததுலயா?" என்று கேட்டு, எடுத்த கண்ணாடியையே திரும்ப மாட்டினாள். இது அவள் தொழிலில் வழக்கம். உண்மையாகவே பார்த்துச் சொல்கிறவர்கள், "ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு" என்பார்கள். ஒப்புக்குச் சொல்கிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

"ஆகா, ரெண்டாவதுதான் பளிச்சுனு இருக்கு!" என்றாள் அந்தப் பெண்மணி.

கண்ணாடிக்காரிக்கு ஞானியின் குண்டு நினைவுக்கு வந்தது. உடனே கிளப் முதலாளிக்குப் போன் போட்டாள்.

"சார், அவரை அனுப்ப நான் தயார். பெட்டியை நானே தூக்கிக்கிட்டு வரேன். ஆனா ஞானியோட சக்தியை நாலு பேர் முன்னாடி ஒரு தடவை பார்த்துட்டா என் மனசுக்கு ஒரு நிம்மதி. டிவிக்காரங்களையும் கூப்பிடுங்களேன்."

டிவி என்றதும் முதலாளி சம்மதித்தார். அதைக் கேட்டதும் பாதஞானிக்கு இரட்டைச் சம்மதம்.

கிளப்பின் கூட்ட அரங்கில் உட்கார இடமில்லை. மேடையில் ஒரு கறுப்புத் திரை. திரைக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள். திரைக்குக் கீழே தெரிவது பாதங்கள் மட்டும். எல்லாப் பாதங்களுக்கும் ஒரே மாதிரி சாக்ஸ், ஒரே மாதிரி பூட்ஸ்.

"வெறுங்கால்தானே நம்ம முறை?" என்றார் ஞானி.

"கறுத்துப்போன நகத்தைப் பார்த்தாலே யாரு ஆட்டக்காரர்னு ஊருக்கே தெரிஞ்சுடும் ஐயா. அப்புறம் உங்க சக்திக்கு என்ன பெருமை? சுவரையே துளைக்கும்னு நீங்கதானே பேட்டி குடுத்தீங்க? சாக்ஸைத் துளைக்காதா?" என்றாள் புயலின் மனைவி.

கூட்டம் கை தட்டியது. ஞானிக்கு வேறு வழியில்லை. குண்டு கிளம்பியது.

முதல் ஜோடிக் கால்: வயிற்றில் நிற்கிறது. இரண்டாவது: இறங்கிவிட்டது. மூன்றாவது: "சிங்கம்! அடுத்த ஆட்டத்துல கோல் போடறது இவர்தான்!" நான்காவது: முழங்காலில் நிற்கிறது. ஐந்தாவது ஜோடிக்கு மேலே குண்டு ராட்டினம் போலச் சுற்றியது. ஞானி கண்ணை மூடினார். "அசையாத கால்! நிதானமான கால்! சம்பளத்துல ஒரு பைசா மேல தங்கலை. இப்படி ஒரு காலை நான் பார்த்ததே இல்லை!"

முதலாளி பரவசத்தோடு தன் உதவியாளரிடம், "அந்த அஞ்சாவது ஆளுக்குச் சம்பளத்தைக் கூட்டுய்யா" என்றார்.

"இப்ப ஆளுங்க இடம் மாறி நிப்பாங்க. இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா," என்றாள் அவள். திரைக்குப் பின்னால் தடதடவென்று சத்தம். பாதங்கள் உள்ளே போயின. மறுபடி வரிசையாக வெளியே எட்டிப் பார்த்தன.

ஞானி மறுபடி நடந்தார். முதல் கால்: சிங்கம். இரண்டாவது: வயிறு. மூன்றாவது: பெரும் சோம்பேறி. நான்காவது: இறங்கிவிட்டது. ஐந்தாவதில் குண்டு நேர்க்கோட்டில் ஆடியது. ஞானி முகத்தைச் சுளித்தார்.

"இவர்தான் புயல். சந்தேகமே இல்லை. மொத்தச் சம்பளமும் தலையில நிக்குது. தலைக்கனம்! வீட்டுல சம்சாரம் தடுக்குது!"

அரங்கமே அவளைத் திரும்பிப் பார்த்து உச்சுக் கொட்டியது.

"ஐயா, ஒரு சின்னத் தகவல்," என்றாள் அவள். "யாரும் இடம் மாறலை. ஒரு அடி பின்னாடி போய், நின்ன இடத்துக்கே திரும்பி வந்தாங்க, அவ்வளவுதான். அதே கால், அதே வரிசை. முன்னாடி சிங்கம், இப்ப சோம்பேறி."

ஞானி அதற்கெல்லாம் அசருகிற ஆளா? "சம்பளம் ஓடற பொருள் அம்மா. நதி மாதிரி. இந்த அஞ்சு நிமிஷத்துல ஏறியிருக்கும், இறங்கியிருக்கும்."

"ஆமாமா, இருக்கும்," என்று முன்வரிசையில் வங்கி மேலாளர் தலையாட்டினார். பின்வரிசையும் ஆட்டியது. சற்று நேரத்தில் அரங்கத்தில் ஆடாத தலையே இல்லை.

"அப்படியா," என்று சொல்லி அவள் திரையின் கயிற்றை இழுத்தாள்.

முதல் ஆள் கோச். இரண்டாவது புயல். மூன்றாவது, அடுத்த ஆட்டத்தில் கோல் போடவிருந்த சிங்கம், கிளப்பின் கணக்காளர். இடுப்புவலிப் பட்டையோடு நின்றிருந்தார். நான்காவது கோல்கீப்பர்.

ஐந்தாவது, கிளப் கடையில் பனியன் மாட்டி நிறுத்தியிருக்கும் பிளாஸ்டிக் பொம்மை. பக்கத்தில் நின்ற கோல்கீப்பர்தான் அதை உள்ளே இழுத்து, மறுபடி வெளியே தள்ளியிருந்தார். கழுத்துக்கு மேலே ஒன்றும் கிடையாது.

"ஐயா," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "சம்பளம் தலையில நிக்குதுன்னு சொன்னீங்க. தலை எங்க நிக்குதுன்னும் கொஞ்சம் சொல்லிட்டீங்கன்னா, மாட்டி விட்டுடலாம். சம்சாரத்தையும் நீங்களேதான் பார்த்துக் குடுக்கணும்."

முதலில் சிரித்தது கணக்காளர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் அரங்கமே சிரித்தது. சற்றுமுன் தலையாட்டியவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். பாதஞானி செருப்பைக்கூடத் தேடவில்லை. கம்பளம் இல்லாத தரையில் அவர் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்தது அன்றுதான். ஓடினார் என்றும் சொல்லலாம். நல்ல ஓட்டம், யாரும் அதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

பொம்மைக்குத் தலை இல்லாததில் தப்பில்லை. செய்தவன் வைக்கவில்லை. வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் இருந்தது. வாங்கிய அன்று சுற்றியிருந்த உறையைப் பிரிக்காமல், புதுசாகவே வைத்திருந்தார்கள்.

முதலாளி மட்டும் மேடை ஓரத்தில் இடிந்துபோய் நின்றார். "அப்ப நான் குடுக்கிற சம்பளமெல்லாம் எங்கதான்யா போகுது?"

"பேங்குக்குத்தான் சார்," என்றான் புயல். "காலுக்கு வந்ததே இல்லை. குறைச்சுக் குடுத்தாலும் இதே ஓட்டந்தான், கூட்டிக் குடுத்தாலும் இதே ஓட்டந்தான். ரெண்டு காலுக்கும் அதைவிட வேகமா ஓடத் தெரியாது."

முதலாளி யோசித்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஒருவேளை, இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போமா தம்பி?"

புயல் வழக்கம்போலக் குனிந்து பூட்ஸ் கயிற்றைப் பார்க்கப் போனான். எதிரே, முன்வரிசையில், அவனுடைய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கடையில் ஆட்களை உட்காரவைத்து, அவசரப்படாமல், எழுத்து தெரிகிறதா என்று காத்திருக்கிற அதே பார்வை.

அவன் நிமிர்ந்தான்.

"சம்பளத்தைக் கூட்ட வேணாம் சார். நான் சோபா இல்லை. என்னை இடது ஓரத்துல ஆட விடுங்க."