மச்சினன் பிணமாக நடித்த தொடர்

ராஜபாளையம்

அன்புள்ள மச்சினன் அய்யூபுக்கு, மச்சான் பீர் மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் என் செருப்புக் கடையும் சுகம். உன் அக்கா நசீமா சுகமா என்றால், அவள் வாய் திறந்து சொன்னால்தான் எனக்கும் தெரியும். கோபித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் நீதான்.

'துப்பறியும் வேதகிரி' டி.வி.யில் தொடராக வருகிறது, அதில் உனக்கு முக்கியமான வேஷம் என்று நீ எழுதியதை நம்பி, தெருவையே என் வீட்டில் கூட்டிவிட்டேன். அந்த நாவல்களை வாலிபத்தில் சோறு தண்ணி இல்லாமல் படித்தவன் நான். கதையில் வேதகிரி மோப்பம் பிடித்தே கொலைகாரனைக் கண்டுபிடிப்பார்; டி.வி.யில் அந்த மனுஷனுக்கு ஜலதோஷம், மூக்கை விட்டுக் கைக்குட்டையை எடுக்கவே இல்லை. கதையில் கொலைகாரன் யாரென்று கடைசிப் பக்கம் வரை தெரியாது. இங்கே பெயர் போடும்போதே 'கொலைகாரனாக' என்று எழுதி அவன் போட்டோவையும் காட்டிவிட்டார்கள். மலை பங்களாவாம், கதவைச் சாத்தினால் சுவர் ஆடுகிறது. சரி, மச்சினன் வந்து காப்பாற்றுவான் என்று பார்த்தால், நீ நெஞ்சில் கத்தியோடு சோபாவில் கிடக்கிறாய்!

நசீமா "யா அல்லா, என் தம்பி!" என்று அலறினாள். பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் ஒப்பாரிக்கே தயாராகிவிட்டாள். வேதகிரி உன் நாடியைப் பிடித்து, "உயிர் பிரிந்து வெகு நேரமாகிறது" என்றார். அந்த நேரம் பார்த்து உன் மூக்கில் ஒரு கொசு உட்கார, நீ கையைத் தூக்கி அடித்தாய். டயர் கடை கருத்தப்பாண்டி, "பாய், ஒங்க மச்சினன் செத்த பொறவும் கொசு அடிக்காருல்லா!" என்றான். நான் என்ன செய்வேன்? சிரித்துவிட்டேன்.

"என் தம்பி மூச்சை அடக்கிக் கெடக்கான், ஒங்களுக்கு இளிப்பு கேக்குதோ?" என்று மறுநாள் காலை அவள் பஸ் ஏறினாள். சமாதானம் பேச நானும் பின்னாலேயே போனேன். உங்கள் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "எம் புள்ள செத்ததுக்குச் சிரிச்சீகளாமே மருமவனே?" என்றார்கள்.

"மாமி, அவன் சாகலியே, நடிச்சான்."

"நடிச்சாலும் சாவு சாவுதானே?"

ஒரு டீகூடத் தராமல் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து நானே ஆக்கிய கறிக்குழம்பைத் தெரு நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆகவே, நடிப்பை விட்டுவிட்டு உடனே புறப்பட்டு வா. அக்காவைச் சமாதானப்படுத்து. என் கடையிலேயே உட்காரலாம். இங்கே கொசு அடித்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நடிப்பு நீங்கலாக உன் முயற்சி எல்லாவற்றிலும் அல்லாஹ் பரக்கத் செய்ய துஆ கேட்கும்,
பீர் மைதீன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் நசீமாவே உங்கள் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். நீ போன் செய்தாயாமே! அடுத்த வாரம் பழைய நினைவாக வரும் காட்சியில் நீ உயிரோடு வந்து வசனமே பேசுகிறாயாம். இந்தத் தடவை தேம்பித் தேம்பி அழுவதாக வாக்குக் கொடுத்தேன். அவள் முறைத்தாள். "அது காமெடி சீனாம். நீங்க சிரிக்கலைன்னா மறுபடியும் பஸ் ஏறிருவேன்" என்கிறாள். எனவே மேலே எழுதிய எதையும் படிக்காதே. அங்கேயே இருந்து நடி. எந்தெந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று மட்டும் உடனே ஒரு தந்தி கொடு.