மூன்று புள்ளி நான்கு கிலோமீட்டர்

பாம்பு செய்த காரியத்துக்குப் பாம்பை அன்றைக்கே அடித்துப் போட்டார்கள். நான் செய்த காரியத்துக்கு என்னை யாரும் ஒரு அறைகூட அறையவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதுதான் உறுத்துகிறது.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் படாளத்திலிருந்து கிளம்பி வந்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். தையூரில் வாடகை வீடு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமையும் கழற்ற மாட்டேன் (குளிக்கும்போது கழற்றியதாக ஞாபகம்). அந்தச் சமயத்தில் வீட்டில் உட்கார்ந்து ஓர் அற்புதம் செய்துகொண்டிருந்தேன். சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், ஏடிஎம் எல்லாவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் ஒரு நண்பனிடம் வாங்கி டேட்டாபேஸில் ஏற்றியிருந்தேன். நாம் இருக்கும் இடத்தைக் கொடுத்தால், கிட்டத்தில் இருப்பதை முதலில் காட்டும்படி ஒரு குவெரி. சைன், காஸ் எல்லாம் போட்டு, பூமி உருண்டை என்பதைக்கூடக் கணக்கில் சேர்த்திருந்தேன்.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, பயிர் வைக்கிறவர். புது வீட்டைப் பார்க்க ஒரு ஞாயிறு காலை வந்தவருக்குச் சும்மா உட்கார முடியவில்லை. கொல்லையில் மண்டியிருந்த புதரை வெட்டப் போனார். கொஞ்ச நேரத்தில் வலது கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"விரியன் போட்ட்சிடா. கிட்டத்துல ஆஸ்பத்திரி எங்க கீதுன்னு யாரையானா கேளு."

"யாரையும் கேக்க வேணாம் மாமா, ஒரு நிமிஷம்" என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். (அது உயிர் பெற நான்கு நிமிஷம் ஆகும். மாமா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, கை வீங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.) பதில் வந்தது. முதலிடம், திருவிடந்தையில் ஒரு கிளினிக், 3.4 கிலோமீட்டர். இரண்டாமிடம், கேளம்பாக்கம் ஆஸ்பத்திரி, 4.6.

"கேளம்பாக்கத்துது நான் பஸ்ல வர்றப்பவே பாத்தேன்டா. ரோட்டு மேலயே கீது."

"அது ஒரு கிலோமீட்டர் ஜாஸ்தி மாமா!"

இப்படிச் சொன்ன வாய் இன்னும் என் முகத்தில்தான் இருக்கிறது. அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, திருவிடந்தை இருக்கும் கிழக்குத் திசையில் மண்பாதையைப் பிடித்தேன். பாதை உப்பளத்துக்குள் போனது. அப்புறம் வரப்பானது. அப்புறம் பாதையே இல்லை, தண்ணீர்தான். அகலமாக, அலையில்லாமல், வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அக்கரையில் சவுக்குத் தோப்பு தெரிந்தது. பூமி உருண்டை என்று யோசித்தவனுக்கு, அதில் தண்ணீரும் உண்டு என்பது அதுவரை தோன்றவில்லை.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாப்பா, இங்க வந்து நிக்கிறீங்க?"

"திருவிடந்தைக்கு எப்டிம்மா போறது?"

"அதோ எதுர்ல தெரியுதே, அதான். நீஞ்சியா போவ? கேளம்பாக்கம் போயி, கோவளம் வழியா சுத்திகினு போவணும்."

ஆக, முதலிடத்துக்குப் போகும் வழியில்தான் இரண்டாமிடம் இருந்தது.

மாமா திட்டவில்லை. எச்சில் துப்பினார், ரத்தமாக இருந்தது. "வண்டியத் திருப்புடா. அக்காவுக்கு மட்டும் போன் போட்டுடாத, பயந்துடுவா" என்றார். பைக் சேற்றில் சிக்கியது. நான் அழுதேன், அந்த அம்மா தள்ளினாள். மாமா விழுந்துவிடாமல் இருக்க அவர் துண்டாலேயே அவரை என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டினேன்.

கேளம்பாக்கத்தில் டாக்டர் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கடிச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கே. எங்க போயிருந்தீங்க?"

"உப்பளம் சார்" என்றேன்.

மூன்று நாள் பிழைப்பாரா மாட்டாரா என்றே தெரியவில்லை. பிழைத்தார். இரண்டு வாரம் கழித்துக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்தார்கள். சீக்கிரம் வந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது எந்த ஊராவது எவ்வளவு தூரம் என்று கேட்டுவிடக் கூடாது. மாமா உடனே ஆரம்பிப்பார்: "ரோட்டு வழியா கேக்கறியா, இவன் வழியா கேக்கறியா?" குழந்தைகள் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரிப்பேன், வேறு என்ன செய்வது? அக்கா மட்டும் இதுவரை ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. நாங்கள் சிரித்து முடிக்கும்வரை, மாமாவின் தட்டில் சோற்றைப் பிசைந்து உருண்டை உருண்டையாக உருட்டி வைத்துக்கொண்டிருப்பாள்.