தொட்டிக்குக் காவல்

தொட்டி மறுபடியும் காலி. லாரி வந்து ஊற்றிய மூன்றாம் நாளே காலி. மொட்டை மாடியில் ஏறி எட்டிப் பார்த்தார் தையல்காரர்.

மழை எட்டிப் பார்த்தே வருஷக்கணக்காகிவிட்ட ஊர். குடியிருப்புக்கே அந்த ஒரு தொட்டிதான். துருப்பிடித்த வால்வைக் கழற்றிப் புதிது மாட்டிய அன்று, பொறுப்பை இவர் தலையில் கட்டினார்கள். காலையும் மாலையும் திறப்பார். வேறு யாரும் கைவைக்காதபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மூடியதும் நேரே தன் தையல் கடைக்கு. நேரம் தவறித் தன் வீட்டுக் குழாயைத் தொடமாட்டார். கடையிலிருந்து கேனில் தூக்கி வருவார். மகளின் பிரசவத்துக்கு மனைவி போயிருந்ததால், ஏன் இந்தப் பாடு என்று கேட்க ஆளில்லை.

"இனிமே சாயங்காலம் தண்ணி கிடையாது" என்று அறிவித்தார். சண்டைக்கு ஒருவரும் வரவில்லை. கீழ்வீட்டு வாத்தியார் மட்டும், "பொதுநலம்னா அப்படித்தான் சார், தைரியமா செய்ங்க" என்றார். தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த லாரித் தண்ணீர் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. காலை நேரத்தையும் பாதியாகக் குறைத்தார். வாத்தியார் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொட்டி மறுநாளே காலி. எங்கோ ஒழுகுகிறது என்று கொத்தனாரை வைத்துச் சுவரை உடைத்துப் பார்த்தார். சுவர் போனதுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"நாளைக்குக் காலைல குழந்தையோட வர்றோம். தண்ணி இருக்குல்ல?"

"தாராளமா இருக்கு" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் வியர்த்தது. பேத்தியைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாத தாத்தா என்ற பெயரை அவரால் தாங்க முடியாது.

மதியம் லாரி வந்து தொட்டியை நிரப்பியது. வால்வை இறுக்கி மூடிவிட்டு, அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேல்வீட்டு நர்ஸ் வாளி நிறையத் துவைத்த துணிகளோடு காயப்போட வந்தாள்.

"என்னண்ணே, இந்த வெயில்ல?"

"நாளைக்கு என் பேத்தி வர்றா, தங்கச்சி. அதுவரைக்கும் திறக்கவே போறதில்ல. யார் திட்டினாலும் சரி."

நர்ஸ் தன் வாளியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"பச்சைக் குழந்தை வருதுன்னா நல்லாத் திறந்தே வைங்கண்ணே. அந்தப் புது வால்வைத் தலைகீழா மாட்டிட்டாங்க, நீங்க மூடினாத்தான் எங்களுக்கெல்லாம் தண்ணி வருது."