அவுட்பாக்ஸில் ஒரு கோபம்

‘அனுப்பப்படுகிறது. இப்போது அழிக்க முடியாது’ என்று நாலாவது முறையாகச் சொன்னது கம்ப்யூட்டர். பிழை திருத்துபவர் ஐந்தாவது முறையும் அழிக்கும் பொத்தானைத் தட்டினார்.

அனுப்பப்படுகிறதாம்! ஒரு வாரமாக அந்தப் பதிப்பகத்திலிருந்து ஒரு மெயில்கூட வெளியே போகவில்லை. உள்ளே மட்டும் வந்துகொண்டிருந்தது.

போன திங்கட்கிழமை ஒரு புத்தகத்தின் அட்டையிலேயே தலைப்பு தப்பாக அச்சாகிவிட, ஆபீஸே ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தது. “கண்ணாடி போட்டும் தெரியலைன்னா நீங்க என்னத்தைத் திருத்துறீங்க?” என்று மேனேஜரம்மா எல்லார் முன்னாலும் கேட்டார். சூட்டோடு சூடாக அவருக்கே ராஜினாமாவை அனுப்பினார் பிழை திருத்துபவர். அது அவுட்பாக்ஸிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

இன்று காலை அதே மேனேஜரம்மா மேஜைக்கே வந்து, “சிறுவர் புத்தகங்களுக்கு இனிமே நீங்கதான் ஆசிரியர். அன்னிக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.

பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த வேலை. அவருக்குக் கண் கலங்கியது.

“மெயிலும் இன்னிக்குச் சரியாயிடுமாம்.”

கலங்கிய கண் சட்டென்று உலர்ந்தது.

அழிக்கத்தானே முடியாது, தடுக்கலாமே? செட்டிங்ஸைத் திறந்தார். வரும் மெயிலுக்கு ஒரு சர்வர், போகும் மெயிலுக்கு ஒரு சர்வர். இரண்டின் பெயரையும் இடம் மாற்றி எழுதினார். ஆயுசு முழுக்கப் பிழை திருத்திய கைக்கு, பிழை செய்வது இனிக்கத்தான் செய்தது.

அரை மணியில் மேனேஜரம்மாவின் குரல் வந்தது. “ஓவியர் உங்களுக்குப் படம் அனுப்பிட்டாராமே?”

“வ... வரலைங்க.”

“அப்ப உங்க மெஷினை முதல்ல பார்க்கச் சொல்றேன்!”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் பையோடு வந்து நின்றாள்.

“யாரு சார் இதைத் தலைகீழா மாத்தினது?”

“தானா மாறியிருக்கும்மா. அவசரமில்ல, டீ குடிச்சிட்டு வாங்க.”

“குடிச்சாச்சு சார். பாஸ்வேர்டு சொல்லுங்க.”

மூன்று தடவை மூன்று தப்பான பாஸ்வேர்டு சொன்னார். கணக்கு பூட்டிக்கொண்டது. அவள் அலட்டிக்கொள்ளாமல் புதுசாக ஒன்று போட்டுத் திறந்தாள். வேறு வழி தெரியாமல் மேஜைக்கடியில் காலை நீட்டி ஒயரை உதைத்தார். அந்த வரிசைக் கம்ப்யூட்டர்கள் எல்லாமே அணைந்தன.

“ஐயோ, நாலு பக்கம் போச்சே!” என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார் பக்கம் வடிவமைப்பவர். பின்னாலேயே மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இனி காலை அசைக்கக்கூட வழியில்லை.

அவள் ஒயரைச் செருகினாள், எதையோ தட்டினாள். “போயிடுச்சு!”

அவுட்பாக்ஸ் காலி. எல்லாரும் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். பிழை திருத்துபவர் நாற்காலியில் சரிந்தார்.

“என் ராஜினாமா போயிடுச்சும்மா. எனக்கு இந்த வேலை வேணும். ஏதாவது பண்ணு தாயி!”

அவள் பையை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“போனது என்னோட டெஸ்ட் மெயில் சார். உங்க லெட்டரை எடுத்து வெச்சுட்டேன். திங்கட்கிழமையே எல்லார் அவுட்பாக்ஸையும் பார்த்துட்டு, கோவம் ஆறட்டும்னுதான் ஒரு வாரமா சர்வரைச் சரிபண்ணாம இருந்தேன். மொத்தம் ஏழு ராஜினாமா, முதல்ல எழுதினது மேனேஜரம்மா!”