ரொம்ப உபயோகமுங்க

மானசா பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒரு பெட்டைக்கோழி படுத்திருந்தது. கொத்த வந்தது. மூடியை இறக்கிவிட்டாள்.

"அடைக்கு வெச்சிருக்குதுங்க அம்மணி. தொறக்காதீங்க," என்றாள் ஊர் மகளிர் குழு மாரியாத்தாள்.

அது முருங்கை இலை காயவைக்கும் வெயில் பெட்டி. வெளிநாட்டு உதவியில் வெள்ளகோவில் பக்கத்து இந்த ஊருக்குப் பதினொன்று வந்திருந்தன. கம்பி வலை, இடுப்பளவு உயரத்துக்கு இரும்புக் கால்கள். வெயில் பெட்டி பதினொன்றும் வேப்பமர நிழலில் நின்றன. பதினொன்றிலும் கோழி.

பதினோரு மணிக்கு உதவி அமைப்பின் மேலாளர் கிரேஸ், கென்யாவிலிருந்து வந்து பார்க்கிறார். அவர் சரியென்றால்தான் அமைப்பின் களப்பணியாளர் மானசாவுக்கு அடுத்த வருடம் வேலை.

"போன மாசம் போன்ல கேட்டேனே அக்கா! உபயோகமா இருக்குன்னு சொல்லி, பெட்டிகிட்ட நின்னு போட்டோவும் அனுப்புனீங்க, நானும் அப்படியே மேல அனுப்பிட்டேனே!"

"ஆமாங்க. கீரி தொடறதில்லை, பாம்பு ஏறறதில்லை. ரொம்ப உபயோகமுங்க."

எதற்கு உபயோகம் என்று கேட்க மானசாவின் படிவத்தில் கட்டம் இல்லை.

"மூணு மணி நேரம் கோழியை வேற எடத்துல வெச்சுக்கலாங்க்கா."

"ஆகட்டுங்க," என்றாள் மாரியாத்தாள். இந்த ஊரில் முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. முகம்தான் சொல்லும். மானசா முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள்.

கோழிகள் மகளிர் குழுக் கட்டடத்துக்குப் போயின. கிரேஸுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஏறி உட்கார்ந்தன.

மாரியாத்தாளின் வீட்டுக்காரர் அப்புசாமி ஓஸ் குழாய் பிடித்துப் பெட்டிகளைக் கழுவினார். நிழலில் ஈரம் காயவில்லை. வெயிலுக்கு நகர்த்த வேண்டும். ஒரு பெட்டிக்கு நாலு ஆள். பதினொன்றும் தூக்கி முடிந்தபோது அப்புசாமிக்கு இடுப்பு நிமிரவில்லை.

வெயில் பட்டதும் நாற்றம் கிளம்பியது. மானசா ஒவ்வொரு பெட்டியிலும் ஊதுபத்தி செருகினாள்.

"ஏனுங்க அம்மணி, பூசைங்களா?" என்று கேட்டு இரண்டு பேர் தேங்காயோடு வந்துவிட்டார்கள்.

அதற்குள் அப்புசாமி முருங்கைக் கிளைகளை இழுத்து வந்தார்.

"எலை கேட்டேண்ணா. மரத்தையே கொண்டாந்திருக்கீங்க!"

"உருவ நேரமில்லீங்க கண்ணு. அப்படியே சொருகிப்போட்டேன்."

வெளியே நீண்ட கிளைகளைத் தேடி ஆடுகள் வந்தன. ஒன்று முன்னங்காலைத் தூக்கிப் பெட்டிமேல் வைத்தபோது கார் வந்து நின்றது.

கிரேஸ் இறங்கினார். புகையும் பெட்டிகளைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். ஒரு மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டு, வெளியே எடுத்தார்.

"முருங்கை உலர்த்துகிறோம்," என்று மானசா ஆங்கிலத்தில் சொன்னாள்.

கிரேஸ் கைப்பையிலிருந்து அளக்கும் டேப்பை எடுத்தார். சுற்றும் முற்றும் தேடினார். டேப்பைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

வேலை போயிற்று. மானசா ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கார் ஓட்டி வந்த முகமது ரியாஸ் அருகில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்:

"ஏனுங்க, கோழியெல்லாம் எங்கீங்க? போன மாசம் நீங்க அனுப்புன போட்டோவுல இந்த அக்கா தோளுக்குப் பின்னால ஒரு கோழி பொட்டிக்குள்ளிருந்து எட்டிப் பாத்துச்சாமா, அந்தக் கூட்டை அளவெடுத்துட்டுப் போயி அவங்க ஊர்ல ஆயிரம் செய்யத்தானுங்க இந்தம்மா கென்யாவிலிருந்து வந்திருக்குது!"